பழைய லாரியில் பவர் ஸ்டீயரிங் ஆயில் கசிவு: இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

இரவு நிறுத்திய இடத்தில், காலையில் லாரியை நகர்த்தியதும் தரையில் ஒரு சிவப்புத் திட்டு. யாரோ வெற்றிலை துப்பியிருக்கிறார்கள் என்றே கிளீனர் நினைத்தான். மறுநாளும் அதே திட்டு, அதே உள்ளங்கை அகலத்தில். எங்களிடம் இருப்பது 2006 மாடல் ஆறு சக்கர லாரி. ஓட்டுநர் பக்கத்து முன் சக்கரத்துக்குப் பின்னால், ஸ்டீயரிங் பாக்ஸின் அடியில் தொங்கிச் சக்கரங்களைத் திருப்பும் இரும்புக் கையான டிராப் ஆர்மின் நுனியிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. பட்டறையில் குனிந்து பார்த்த உடனேயே “கீழ் சீல் போய்விட்டது” என்றார்கள். மாற்றினோம். எட்டு நாளில் மறுபடி சொட்டியது. “சீல் தரமில்லை” என்று இன்னொன்றைப் போட்டார்கள். மறுபடியும் சொட்டியது.

மூன்றாவது முறை நானே ஒரு டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் படுத்தேன். கசிவு சீலில் இல்லை. அதற்கு ஒன்றரை அடி மேலே, பம்பிலிருந்து வரும் பிரஷர் பைப் பாக்ஸில் சேரும் இடத்தில், நசுங்கிப்போன ஒரு காப்பர் வாஷரில் இருந்தது. அங்கிருந்து புறப்பட்ட ஆயில் பாக்ஸின் உடம்பு வழியாக வழிந்து, டிராப் ஆர்மைப் பிடித்து இறங்கி, அதன் நுனியில் சொட்டியிருக்கிறது. ஒரு வாஷருக்காக இரண்டு சீல், இரண்டு நாள் வாடகை, ஒரு டிராப் ஆர்ம் நட் எல்லாம் போயின. இந்த வழிகாட்டியில் ஏறக்குறைய பாதி கசிவைத் தேடுவதைப் பற்றியே இருப்பதற்கு அதுதான் காரணம். ஸ்பேனர் பிடிக்கும் வேலை அதற்கப்புறம்தான்.

ஆயில் போகும் பாதை

பழைய நடுத்தர, கனரக லாரிகளில் இருப்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான அமைப்புத்தான். மேலே ஒரு ஆயில் டப்பா. அதற்குள் ஒரு ஃபில்டர். டப்பாவிலிருந்து தடித்த ரப்பர் ஹோஸ் ஒன்று பம்புக்கு இறங்குகிறது. இது உறிஞ்சும் பக்கம். இதில் அழுத்தமே இல்லை. பம்பைச் சுற்றுவது எஞ்சின். பல லாரிகளில் பெல்ட் இல்லாமல் நேரடியாகக் கியர் மூலம். பம்பிலிருந்து பாக்ஸுக்குப் போவது பிரஷர் பைப். பாக்ஸிலிருந்து டப்பாவுக்குத் திரும்புவது ரிட்டர்ன் ஹோஸ். பாக்ஸுக்கு மேலே ஸ்டீயரிங் தண்டு நுழையும் இடத்தில் ஒரு சீல். கீழே டிராப் ஆர்மைச் சுமக்கும் செக்டர் ஷாஃப்டில் இன்னொரு சீல். அந்த ஷாஃப்டின் மறுமுனையில் பக்கவாட்டு மூடி.

பிரஷர் பைப்பில் எவ்வளவு அழுத்தம் என்பதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லாரி டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 110 பி.எஸ்.ஐ. ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பிப் பிடித்திருக்கும்போது அந்தப் பைப்பில் 100 பாருக்கு மேல், அதாவது 1,450 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறும். சில வண்டிகளில் 150 பார். நேராகப் போகும்போது அதே பைப்பில் இருப்பது இதில் சின்னப் பங்குதான். அதனால்தான் சேலம் நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடிவந்தாலும் உலர்ந்தே இருக்கும் பைப், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்ததும் நனைந்திருக்கும்.

வண்டிக்கு அடியில் போவதற்கு முன்

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன் அச்சைத் தூக்கினால் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். அச்சுக்கு அடியில் ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ கொடுத்து, எடை அதன்மேல் உட்கார்ந்த பிறகே உள்ளே போங்கள். எஞ்சின் ஓடும்போது மேலே ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, கீழே ஒருவர் பார்க்க வேண்டிய கட்டம் வரும். அப்போது டிராப் ஆர்ம், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் பக்கத்தில் கை இருக்கக் கூடாது. கையை நசுக்க அவற்றுக்கு ஒரு நொடி போதும். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் “திருப்பு”, “நிறுத்து” என்ற இரண்டே சொற்கள் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலர் கேள்விப்படாதது. பிரஷர் பைப்பில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித் துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே தெரிவது கொசுக் கடித்த மாதிரி ஒரு புள்ளிதான். உள்ளே சதை அழுகிவிடும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், ஆயில் அழுத்தத்துடன் உள்ளே போனது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தேடுவதற்கு ஓர் அட்டைத் துண்டு போதும். அதைப் பைப் ஓரமாக நகர்த்தினால் ஆயில் அட்டையில் கோடு போடும்.

முதலில், அது ஸ்டீயரிங் ஆயில்தானா?

பழைய லாரிக்கு அடியில் நான்கைந்து வகை ஈரம் இருக்கும். வெள்ளைக் காகிதத்தை இரவு முழுக்கத் தரையில் விரித்துவைத்துப் பாருங்கள். சிவப்போ இளஞ்சிவப்போ என்றால் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃபுளூயிட்) எனப்படும் ஆயில், நம் ஊர் லாரிகள் பலவற்றின் பவர் ஸ்டீயரிங்கில் இதுதான் இருக்கும். ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டிருந்தால் அது பழுப்பாகிவிடும், அப்போது எஞ்சின் ஆயிலோ என்று சந்தேகம் வரும். எஞ்சின் ஆயில் டீசல் வண்டியில் கரிக்கறுப்பு. விரலில் தேய்த்தால் மை போலப் படியும். கியர் ஆயிலைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், கந்தக வாடை. டீசல் மணமும் கூலன்ட்டின் பிசுபிசுப்பும் எல்லாருக்கும் தெரிந்தவைதான்.

டப்பாவில் எந்த ஆயில் இருக்க வேண்டும் என்பதை வண்டியின் கையேட்டிலோ டப்பா மூடியிலோ பார்த்து முடிவுசெய்யுங்கள். ஒரு முறை அவசரத்துக்கு எங்கள் கிளீனர் பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டான். ஆயில் என்றால் எல்லாம் ஆயில்தானே என்பது அவன் கணக்கு. பிரேக் ஆயில் வேறு இனம், ஏ.டி.எஃப்.புக்காகச் செய்த ரப்பர் சீல்களை அது ஊதி இளக்கிவிடும். அப்படி நடந்துவிட்டால் எஞ்சினை ஓட்டாமல் முழு ஆயிலையும் வடித்து, புது ஆயிலால் அலசுவதைத் தவிர வழியில்லை. ஓட்டிவிட்டிருந்தால், எல்லாச் சீலையும் மாற்றும் செலவுக்குத் தயாராகுங்கள்.

கசியும் இடத்தைப் பிடித்தல்

ஆயிலுக்கு இரண்டே பழக்கம்: கீழே வழியும், வண்டி ஓடும்போது காற்றில் பின்னால் போகும். ஆகவே ஈரம் எங்கே அதிகம் என்று பார்க்காதீர்கள். நனைந்த பகுதியில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது, எது எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறது என்று பாருங்கள். கசிவு அந்த முனையில்தான் தொடங்கியிருக்கும்.

ஆண்டுக்கணக்கான தூசியும் ஆயிலும் சேர்ந்து கெட்டிப்பட்ட பாக்ஸில் அந்த முனை தெரியாது. அதனால் முதல் வேலை கழுவுவது. பிரஷில் மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுப் பாக்ஸ், பம்ப், டப்பா, எல்லாப் பைப்புகள், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சேஸி உட்பட நன்றாகக் கழுவி, பனியன் வேஸ்டால் துடைத்து, காற்றடித்து உலர்த்துங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது இதைச் செய்யுங்கள்; சூடான சைலென்சர் பக்கத்தில் டீசல் பிரஷ் வேண்டாம். டப்பாவின் மூடியைச் சுற்றிக் கழுவும்போது உள்ளே ஒரு மண் துகள்கூட விழக் கூடாது.

உலர்ந்த பிறகு முகப்பவுடரையோ சாக்பீஸ் தூளையோ எல்லா இணைப்புகளின் மேலும் தூவுங்கள். நான் பயன்படுத்துவது வீட்டுக் கோலமாவு. வெண்மையாக ஒட்டிக்கொள்ளும், ஆயில் ஒரு துளி வந்தாலும் அந்த இடம் கறுத்துக் கோடாக இறங்கும்.

இப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். ஸ்டீயரிங்கைத் தொடாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். இந்தக் கட்டத்திலேயே ஈரம் வந்தால் அழுத்தம் இல்லாத பக்கத்தைச் சந்தேகப்படலாம்: டப்பா, ரிட்டர்ன் ஹோஸ், மேல் சீல். பிறகு மேலே இருப்பவர் ஸ்டீயரிங்கை இடது கடைசி, வலது கடைசி என்று மெதுவாகத் திருப்பட்டும். கடைசியில் ஐந்து நொடிக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது. பம்ப் முழு அழுத்தத்தில் தன் ஆயிலையே சுற்றிச் சுற்றிக் கொதிக்கவைக்கும். திருப்பும்போது மட்டும் ஈரம் வந்தால் பிரஷர் பைப், அதன் இணைப்புகள், கீழ்ச் சீல். பல பாக்ஸ்களில் செக்டர் ஷாஃப்ட் இருக்கும் அறைக்கு ஒரு பக்கம் திருப்பும்போதுதான் அழுத்தம் போகும். ஆகவே ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் கீழே ஒழுகினால் சந்தேகத்தைக் கீழ்ச் சீல் மேல் வைக்கலாம்.

நின்ற இடத்தில் எதுவும் தெரியவில்லை என்றால் சுமையுடன் ஒரு நடை ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். சூடேறிய ஆயில் நீர்த்துப்போகும். குளிரில் ஒழுகாத சீல் அப்போது ஒழுகும்.

வேகத்தையும் கணக்கிடுங்கள். ஒரு மில்லி லிட்டருக்குச் சுமார் 20 சொட்டு. பத்து நொடிக்கு ஒரு சொட்டு என்றால் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 430 மில்லி. இந்த அமைப்பு முழுவதற்கும் பல லாரிகளில் 3 முதல் 5 லிட்டர்தான் பிடிக்கும், அதிலும் டப்பாவில் இருப்பது கொஞ்சம். ஆயில் தீர்ந்தால் ஸ்டீயரிங் அறுந்துவிடாது. இயந்திரத் தொடர்பு இருக்கும். ஆனால் முன் அச்சில் ஐந்தாறு டன்னுடன் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அந்தச் சக்கரத்தைத் திருப்ப இரண்டு பேர் பலம் வேண்டும். சொட்டு ஓடையாக மாறியிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

வெளியே ஒழுகாமலே குறையும் ஆயில்

இது எங்களுக்குப் பின்னொரு வருடம் நடந்தது. டப்பாவில் வாரம் அரை லிட்டர் குறைகிறது. கோலமாவு வெள்ளையாகவே இருக்கிறது. தரையில் ஒரு பொட்டும் இல்லை. வீட்டில் பால் குறைந்தால் பூனையைத் தேடுகிற மாதிரி நானும் கிளீனரும் தேடினோம். கடைசியில் சங்ககிரியில் வயதான ஒரு மேஸ்திரி, வண்டியைப் பார்க்காமலே கேட்டார்: “எஞ்சின் ஆயில் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தாயா, தம்பி?” இழுத்தேன். மேல் கோட்டுக்கும் மேலே நின்றது.

கியரில் ஓடும் பம்பின் ஷாஃப்ட் சீல் கிழிந்தால் ஸ்டீயரிங் ஆயில் வெளியே வராது. பம்பைச் சுற்றும் எஞ்சின் கியர்களின் பெட்டி வழியாக, எஞ்சின் ஆயில் தேங்கும் சம்புக்குள் இறங்கிவிடும். அது எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்வது ஸ்டீயரிங் பிரச்சினையைவிடப் பெரிய நஷ்டம். பெட்டியின் காஸ்கெட்டும் கெட்டிருந்தால் பம்ப் ஒட்டியிருக்கும் முகத்தில் கறுப்பும் சிவப்பும் கலந்த ஈரம் தெரியும். பம்பைக் கழற்றிச் சீல் மாற்றும்போது எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. உறிஞ்சும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்தால் ஆயில் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதே அதிகம். பம்ப் சிணுங்கும், டப்பாவில் ஆயில் மோர் மாதிரி நுரைக்கும், நுரை மூடி வழியாகப் பொங்கி வழியும். பார்ப்பவர் டப்பா கசிகிறது என்பார். கிளாம்ப் ஒன்றை மாற்றினால் எல்லாம் அடங்கும்.

சரிசெய்தல்: எளியதிலிருந்து தொடங்குங்கள்

டப்பாவில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் சூடேறியதும் மூடியில் வழியும். அது கசிவே அல்ல. மூடியின் ரப்பரையும் காற்றுத் துளையையும் பாருங்கள். டப்பா தகரமாக இருந்தால் அதைப் பிடித்திருக்கும் பட்டை உராய்ந்த இடத்தில் அரிப்பு இருக்கலாம்.

உறிஞ்சும், ரிட்டர்ன் ஹோஸ்களை மடித்துப் பாருங்கள். மேல் தோலில் வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். இவற்றுக்கு ஆயில் தாங்கும் ஹோஸ் வேண்டும்; ரேடியேட்டர் ஹோஸ் துண்டு வெளியே பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே ஆயிலில் ஊறி உரிந்துபோகும். உரிந்த துண்டு பம்பின் வாயை அடைக்கும்.

பிரஷர் பைப் இணைப்புகளில், நடுவே ஆயில் போகத் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டில், பைப் முனையின் இருபக்கமும் காப்பர் வாஷர் இருக்கும். கசிகிறது என்று போல்ட்டை மேலும் இறுக்குவதுதான் முதல் தவறு. நசுங்கிய வாஷர் இறுக்கினால் அடைக்காது, போல்ட்டின் திருகுமரைதான் இழுபடும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புது வாஷர் போடுங்கள். கடை மூடிவிட்டது, நடுவழி என்றால் பழைய வாஷரைச் செங்கனலாகச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் செம்பு மீண்டும் இளகும்; நெருப்பில் வந்த கருமையை நைஸ் எமரித் தாளில் தேய்த்துப் போடலாம். வாஷர் உட்காரும் முகங்களில் கோடு விழுந்திருந்தால் புது வாஷரும் நிற்காது.

பிரஷர் ஹோஸே கசிந்தால் ஒட்டு வேலை கிடையாது. கிளாம்ப் போட்டு, ரப்பர் சுற்றி, சைக்கிள் டியூப் கட்டி ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்; சூடான சைலென்சர் மேல் ஆயில் பீறிட்டுத் தீப்பிடிக்கும் வாய்ப்பை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. பழைய ஹோஸ் அப்படியே கடையில் கிடைக்காவிட்டால் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகளின் ஊர். அங்கே ஹைட்ராலிக் ஹோஸை அளந்து வெட்டி, முனையில் இரும்புப் பிடியை இயந்திரத்தில் அழுத்திக் கொடுக்கும் கடைகள் உண்டு. இரண்டு கம்பிப் பின்னல் உள்ள ஹோஸ் கேளுங்கள். அதன் மேல் அச்சிட்டிருக்கும் வேலை அழுத்தம் உங்கள் பம்பின் உச்ச அழுத்தத்தைவிடத் தாராளமாக அதிகம் இருக்க வேண்டும். பழைய நீளம், பழைய வளைவு, பழைய முனைக் கோணம் மூன்றும் மாறக் கூடாது. பூட்டும்போது ஹோஸ் மேல் அச்சிட்ட வரி நேராக ஓடுகிறதா பாருங்கள். வரி முறுக்கினால் ஹோஸும் முறுக்கியிருக்கிறது, சீக்கிரம் போய்விடும். சேஸியிலோ சைலென்சரிலோ உரசாமல் பழைய கவ்விகளையும் திரும்பப் போடுங்கள்.

மேல் சீல், அதாவது ஸ்டீயரிங் தண்டு நுழையும் இடத்துச் சீல், பெரும்பாலான பாக்ஸ்களில் திரும்பும் ஆயிலின் சிறிய அழுத்தத்தையே தாங்குகிறது. அது பிதுங்கி வெளியே வந்திருந்தால் சீலைக் குறை சொல்லாமல் டப்பாவின் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் அடைத்திருந்தால், அல்லது ரிட்டர்ன் ஹோஸ் எங்காவது மடிந்து நசுங்கியிருந்தால், திரும்பும் ஆயில் வழி கிடைக்காமல் சீலைத் தள்ளும். ஃபில்டரை மாற்றாமல் சீல் மட்டும் போட்டால் அதே கதை திரும்ப வரும்.

பக்கவாட்டு மூடியின் நடுவில் ஒரு சரிசெய்யும் திருகும் அதைப் பூட்டும் நட்டும் இருக்கும். அங்கே கசிந்தால் நட்டின் சீலை மாற்றலாம். ஆனால் திருகைத் திருப்பாதீர்கள். ஸ்டீயரிங் பல்லிடைவெளியை நிர்ணயிப்பது அது. அரைச் சுற்று முன்பின் ஆனாலும் ஸ்டீயரிங் இறுகித் தானாகத் திரும்பாமல் நிற்கும், இல்லையென்றால் ஆட்டம் கூடும்.

கீழ்ச் சீல் மாற்றுவது

கோலமாவுச் சோதனையில் மேலே எல்லாம் உலர்ந்திருந்து கீழே மட்டும் கோடு விழுந்தால்தான் இந்த வேலை. கனமான வேலை, ஒரு நாள் ஒதுக்குங்கள்.

சீலை வாங்கும் முன் ஒரு சோதனை. சக்கரங்கள் தரையில் இருக்கும்போது, எஞ்சின் அணைந்த நிலையில், டிராப் ஆர்மைப் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். செக்டர் ஷாஃப்ட் பாக்ஸுக்குள் ஆடினால் உள்ளே பேரிங் தேய்ந்துவிட்டது. ஆடும் ஷாஃப்டில் எந்தச் சீலும் பத்து நாள் தாங்காது. பாக்ஸைக் கழற்றி, அதையே தொழிலாகச் செய்யும் பட்டறையில் கொடுத்து முழுதாகச் சரிசெய்ய வேண்டியதுதான்.

ஆட்டமில்லை என்றால் சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டீயரிங்கைத் திரும்பாதபடி கட்டிவிடுங்கள். கீழே தட்டு வைத்து ஆயிலை வடியுங்கள். டிராப் ஆர்முக்கும் ஷாஃப்ட் முனைக்கும் பொதுவாக, பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் ஒரு புள்ளி அடையாளம் போடுங்கள். ஏற்கெனவே அடையாளம் இருந்தால் அதைப் பெயின்டால் தெளிவாக்குங்கள். ஒரு பல் மாறிப் பூட்டினால்கூட ஸ்டீயரிங் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பாது. பூட்டுத் தகட்டை விரித்து நட்டைக் கழற்றுங்கள். நீளப் பைப் போட்ட ஸ்பேனர் வேண்டியிருக்கும்.

டிராப் ஆர்மைப் புல்லரால்தான் இழுக்க வேண்டும். சம்மட்டியால் அடித்தால் அந்த அடி முழுவதும் ஷாஃப்ட் வழியாக உள்ளே இருக்கும் பற்களையும் பேரிங்கையும் தாக்கும். கேஸ் வைத்துச் சூடாக்குவதும் கூடாது. டிராப் ஆர்ம் உடைந்தால் வண்டிக்குத் திசையே இல்லை, அதன் உறுதியை நெருப்பில் குறைக்க வேண்டாம். புல்லரை நன்றாக இறுக்கிவிட்டு, புல்லர் திருகின் தலையில் ஒரு தட்டு தட்டினால் பெரும்பாலும் சத்தத்துடன் விட்டுக்கொடுக்கும்.

தூசு மூடியைக் கழற்றி, சுற்றிலும் கழுவி, சீலைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் என்ற வளையத்தை எடுத்த பிறகு சீலை நெம்பி எடுங்கள். சில இடங்களில் எஞ்சினை ஒரு நொடி ஓட்டி, ஆயிலின் அழுத்தத்தாலேயே சீலை வெளியே துப்ப வைப்பார்கள். வேலை நடக்கும், தரை முழுக்கச் சிவப்பாகும். நான் கொக்கி போட்ட கம்பியையே விரும்புகிறேன், ஷாஃப்டிலும் சீல் குழியிலும் கீறல் விழாமல்.

இப்போது ஷாஃப்டைப் பாருங்கள். அந்தச் சங்ககிரி மேஸ்திரியின் சொல் இங்கேதான் உதவும்: “சீலைப் பார்க்காதே, ஷாஃப்டைத் தொடு.” சீலின் உதடு உரசிய இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. தூசு மூடி கிழிந்து மழைநீர் நின்ற வண்டிகளில் துருப் புள்ளிகளும் இருக்கும். நகம் தட்டாத லேசான கறை என்றால் நைஸ் எமரித் தாளை ஆயிலில் நனைத்து, ஷாஃப்டைச் சுற்றிய திசையில் தேயுங்கள்; நீளவாக்கில் தேய்த்தால் நீங்களே ஆயிலுக்கு வாய்க்கால் வெட்டுகிறீர்கள். நகம் தட்டினால் ஷாஃப்ட் மாற்ற வேண்டும், அல்லது பாக்ஸ் பட்டறையில் காட்டி முடிவெடுக்க வேண்டும்.

சீலை அளவு மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஹப்புக்கான சீல் அதே விட்டத்தில் கிடைக்கலாம். ஆனால் அழுத்தம் தாங்க அதற்குத் தெரியாது. பாக்ஸின் மேல் இருக்கும் தகட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு போய் அந்தப் பாக்ஸுக்கான சீல் கிட்டைக் கேளுங்கள்.

போடும்போது ஷாஃப்டின் பற்கள் மேல் மெல்லிய டேப்பைச் சுற்றுங்கள். அந்தக் கூரான பற்கள் புதுச் சீலின் உதட்டை ஒரு நொடியில் கிழிக்கும். உதட்டில் ஏ.டி.எஃப். தடவி, உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்கும்படி நுழைத்து, சீலின் வெளிவட்டத்துக்குச் சமமான பைப் துண்டை வைத்துச் சீராகத் தட்டி இறக்குங்கள். சாய்வாக இறங்கினால் எடுத்துவிட்டுப் புதிதுதான். சர்க்ளிப் பள்ளத்தில் உட்கார்ந்ததை உறுதிசெய்து, புதுத் தூசு மூடிக்குள் கிரீஸ் நிரப்பிப் பூட்டுங்கள். டிராப் ஆர்மை அடையாளத்துக்கு நேராக ஏற்றி, நட்டைக் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, பூட்டுத் தகட்டை மடியுங்கள். இந்த நட்டில் உத்தேசம் கூடாது.

காற்றை வெளியேற்றுதல்

டப்பாவின் ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, மேல் கோடுவரை புது ஆயில் ஊற்றுங்கள். முன் அச்சைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். பழைய எஞ்சின்களில், எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் மட்டும் சுற்றுங்கள். டப்பாவில் ஆயில் குறையும், மறுபடி ஊற்றுங்கள். அளவு நிலைக்கும்வரை இப்படி. டப்பா காலியாகிப் பம்ப் காற்றை உறிஞ்சினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பிறகு எஞ்சினை ஐடிலில் ஓட்டி, ஸ்டீயரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்கு மெதுவாகத் திருப்புங்கள், கடைசியில் நிறுத்திப் பிடிக்காமல். டப்பாவில் குமிழி வருவது நிற்கும்வரை. பாக்ஸில் காற்றுத் திருகு இருந்தால் அதையும் தளர்த்தி, குமிழியில்லாமல் ஆயில் வந்ததும் பூட்டுங்கள். எஞ்சினை அணைத்ததும் டப்பாவில் மட்டம் ஓரிரு சென்டிமீட்டர் ஏறுவது இயல்பு. அதற்கு மேல் பொங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. ஆயில் நுரைத்திருந்தால் அரை மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். அவசரத்தில் எஞ்சினை ரேஸ் செய்தால் நுரை இன்னும் நுணுகும்.

சீலைக் கொன்றது எது?

சீல் வயதாகிச் சாகலாம். வெப்பத்தில் ரப்பர் விறைத்து, எடுத்து மடித்தால் ஒடியும். அப்படி ஒடிந்தால் சந்தேகம் தீர்ந்தது. மென்மையாக இருந்தும் கிழிந்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். அடைத்த ஃபில்டரைச் சொல்லிவிட்டேன். சேஸியில் பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் பாக்ஸ் அசைந்தால் இரும்புப் பைப் களைத்து வெடிக்கும். அச்சில் சக்கரத்தின் திருப்பத்தை நிறுத்தும் ஸ்டாப் போல்ட்டை யாராவது மாற்றியிருந்தாலும் கவனிக்க வேண்டும். பாக்ஸுக்குள் இருக்கும் வால்வு அழுத்தத்தை விடுவிக்கும் முன்பே சக்கரம் ஸ்டாப்பில் முட்டினால், ஒவ்வொரு முழுத் திருப்பத்திலும் பம்ப் தன் உச்ச அழுத்தத்தைப் பைப்பிலும் சீலிலும் இறக்கும்.

கசிவை நிறுத்தும் என்று விற்கும் புட்டி மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை ரப்பரை ஊதவைக்கும்; விறைத்த சீலில் சில வாரம் வேலை செய்யவும் செய்யும். பள்ளம் விழுந்த ஷாஃப்டுக்கும் நசுங்கிய வாஷருக்கும் அதில் மருந்து இல்லை. நான் வாங்குவதில்லை.

ஓட்டிப் பார்த்தல்

வேலை முடிந்ததும் மறுபடி கழுவி, மறுபடி கோலமாவு தூவி, முதலில் காலி வண்டியில் பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஸ்டீயரிங் இரு பக்கமும் ஒரே எளிமையுடன் திரும்புகிறதா, வளைவு முடிந்ததும் தானாக நேருக்கு வருகிறதா என்று பாருங்கள். பிறகு சுமையுடன் ஒரு நடை. திரும்பியதும் இணைப்புகளையும் டப்பா மட்டத்தையும் டிராப் ஆர்ம் நட்டையும் பாருங்கள். 8 ஆண்டு கடந்த லாரிக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுச் சோதனை ஆண்டுதோறும் வருவதால், நான் அதற்குப் பத்து நாள் முன்பு ஒருமுறை இந்தக் கோலமாவுச் சோதனையைச் செய்துவிடுகிறேன். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் அன்றே கொடுத்துவிடுவேன். எங்கள் வண்டியில் அந்த வாஷர் மாற்றியபின் பவுடர் பூசிய பாக்ஸ் மூன்று வாரம் வெள்ளையாகவே ஓடியது. நான்காவது வாரம் மழை வந்து கழுவிவிட்டது.